பதினேழு வாய்க்காலும் ஒரு குழாயும்

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயப் பெருங்குடி மக்களே! அடிவாரத்து மானாவாரி விவசாயிகளே! நாத்து நட்டு, களை எடுத்து, ஏலத்தோட்டத்துக்கும் போய்வந்து குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்களே!

நோட்டீசைக் கையில் வாங்கியதும் "இவங்களுக்கு வேற வேலை இல்லை, எப்பப் பார்த்தாலும் தண்ணி, தண்ணி" என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். லோயர்கேம்ப்பில் தண்ணீர் இறங்காத நாளில் இந்தப் பள்ளத்தாக்கில் எவருக்கும் வேறு வேலை கிடையாது என்பதுதான் நம் ஊர் வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இந்த முறை கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறோம். ஏனென்றால், அலுவலகங்களில் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வியே "உங்களுக்கு என்ன பாத்தியதை?" என்பதாக இருக்கிறது.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவிலே கூடலூரில் தொடங்கித் தேனி வரை நீண்டு கிடக்கும் ஒரு தொட்டில். இதுதான் நம்ம பூமி. பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்னால் இங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சுருளி மலையில் இருந்து இறங்கும் சுருளியாறும், வைரவனாறும், அந்தந்த ஊர்க் கண்மாயும் அன்றைக்கே நஞ்சையை வளர்த்தவைதான். பாண்டியர் வரலாற்றைச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்தது நம்ம சின்னமனூரில். உத்தமபாளையத்துப் பாறையில் சமணர் செதுக்கிய உருவங்கள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நிற்கின்றன. விளைச்சல் இல்லாத ஊரில் எவன் வந்து கோயில் கட்டுவான், எவன் வந்து பாறையில் உளி வைப்பான்?

ஆனால் அந்தத் தண்ணீர் போதவில்லை. மழை பெய்த வருடம் கண்மாய் மறுகால் பாயும். பெய்யாத வருடம் ஊரே பிழைப்புத் தேடிக் கிளம்பிவிடும். 1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் மதுரைச் சீமையை என்ன பாடு படுத்தியது என்பதை நம் பாட்டன்மார் அவர்களுடைய பாட்டன்மாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு கரை புரண்டு ஓடிக் கடலில் விழுகிறது. இந்தப் பக்கம் வைகை மணலாகக் கிடக்கிறது. இந்த ஆற்றை இப்படித் திருப்பினால் என்ன?

இந்த யோசனை வெள்ளைக்காரன் மூளையில் உதித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது முழு உண்மை அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் மந்திரி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையைப் பார்த்துவரச் சொன்னார். செலவு தாங்காது என்று கைவிட்டார்கள். 1808-ல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். நடுவில் சிலர் முயன்றார்கள். காய்ச்சலும் காடும் அவர்களைத் திருப்பி அனுப்பின. கடைசியில் கர்னல் ஜான் பென்னிகுயிக் வந்தார். 1886 அக்டோபர் 29-ம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் அன்றைய ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய் வாடகை, காலம் 999 வருடம். 1887-ல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

எட்டு வருடம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்த எட்டு வருடத்தில் என்ன நடந்தது? சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும்தான் அணை. அந்தச் சுண்ணாம்புக் கல் கீழே அடிவாரத்தில் இருந்து மலை ஏறியது. மாட்டு வண்டியில் ஏறியது, கம்பி வடத்தில் தொங்கி ஏறியது, மேலே போனபிறகு படகிலும் போனது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது, மறுபடியும் கட்டினார்கள். மலேரியாவிலும் காலராவிலும் ஆட்கள் செத்து விழுந்தார்கள். மலையைக் குடைந்து ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுரங்கம் வெட்டினார்கள். அந்தச் சுரங்கத்தின் இந்தப் பக்கத்து வாய்தான் நமக்குச் சோறு போடும் வாய்!

பென்னிகுயிக் தன் சொத்தை விற்றார், மனைவியின் நகையை விற்றார் என்று மேடையில் பேசுகிறார்கள். நாங்கள் அதைத் துண்டுப் பிரசுரத்தில் போடுவதில்லை. அந்தக் கதை இல்லாமலே அவர் பெருமை நிற்கும். ஜனவரி 15-ல் பாலார்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் அவருக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பேரை வைக்கிறோம், 2013-ல் லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் வந்திருக்கிறது. எல்லாம் சரி. அந்தக் காட்டில் செத்த கூலிக்காரர்களுக்கு யார் பொங்கல் வைப்பது? அவர்கள் பேர்கூட ஊரில் எவருக்கும் தெரியாது. அவர்களில் நம் சனமும் உண்டு. "உங்களுக்கு என்ன பாத்தியதை?" என்று கேட்கும் அதிகாரிக்கு அதுதான் முதல் பதில்.

இரண்டாவது பதில் கணக்கில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, போடி வட்டத்தில் 488, தேனி வட்டத்தில் 2,412. லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை பதினேழு வாய்க்கால். ஒட்டான்குளம், வீரப்பநாயக்கன்குளம், தாமரைக்குளம், கருங்கட்டான்குளம் என்று ஊருக்கு ஊர் குளம். முதல் போகத்துக்கு அரசு ஆணையில் என்ன எழுதுகிறார்கள்? பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, 120 நாளைக்கு. இது நாங்கள் சொன்னதல்ல, அரசாங்கம் சொன்னது.

ஜூன் முதல் தேதி தண்ணீர் வந்தால் ஜூலையில் நடவு முடியும், ஐப்பசி அடைமழைக்கு முன்னே கதிர் களத்துக்கு வந்துவிடும். தண்ணீர் ஒரு மாதம் தள்ளினால்? கதிர் முற்றும்போது மழை பிடிக்கும். நெல் வயலிலேயே சாய்ந்து முளைக்கும். ஈரப்பதம் ஜாஸ்தி என்று கொள்முதல் நிலையத்தில் தள்ளிவைப்பார்கள். முதல் போகம் தள்ளினால் இரண்டாம் போகமும் தள்ளும், கடைசி நனைப்புக்குத் தண்ணீர் இல்லாமல் பங்குனி வெயிலில் பயிர் காயும். ஒரு மாதத் தாமதம் என்பது மேலே இருப்பவர்களுக்கு ஒரு கோப்பு. நமக்கு அது ரெண்டு போகம்.

அணை மட்டத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். 152 அடி தேக்கிய அணை. 1970-ல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. 1979-ல் அணை உடையப் போகிறது என்ற பீதி கிளம்பி, பலப்படுத்தும் வேலைக்காக மட்டம் 136 அடிக்கு இறங்கியது. பலப்படுத்தி முடித்த பிறகும் ஏறவில்லை. 2006 பிப்ரவரியில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அடுத்த மாதமே கேரளம் சட்டத்தைத் திருத்திக் குறுக்கே நின்றது. 2014 மே 7-ல் அந்தச் சட்டத்தையே நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வருடம் நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. அணை அப்படியேதான் நின்றது. பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும், அதற்கு 15 மரத்தை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் அனுமதி கொடுத்தார்கள், கொடுத்த கையோடு நிறுத்திவைத்தார்கள். 15 மரம்! இதை எழுதும்போது சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

2011 டிசம்பரை மட்டும் சுருக்கிச் சொல்ல முடியாது. குமுளியில் கலவரம். ஏலத்தோட்டத்துக்குப் போன நம் பெண்கள் வண்டி இல்லாமல் மலைப்பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். கூடலூரில், கம்பத்தில், சின்னமனூரில் கடை அடைத்து, 144 தடை போட்டும் கேட்காமல், ஆயிரம் ஆயிரமாகச் சனம் லோயர்கேம்ப்பை நோக்கி நடந்தது. எந்தக் கட்சியும் கூப்பிட்டு வந்த கூட்டம் இல்லை அது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே நாட்களில் காய்கறி மேலே போகவில்லை, திராட்சை செடியிலேயே அழுகியது, ஜீப் ஓடாமல் கூலி வீட்டில் அடுப்பு அணைந்தது. மலைக்கு மேலே இருக்கும் சாதாரண மலையாளிக்கும் நமக்கும் பகை கிடையாது. அவன் ஏலக்காய் நம்ம சனம் பறித்தது, அவன் சாப்பாட்டில் நம்ம ஊர்க் காய். 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனதால் மலை அவர்களுக்கு, அடிவாரம் நமக்கு என்று கோடு விழுந்ததே தவிர, பிழைப்பு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. அடுத்த போராட்டத்தில் எவராவது மலையாளிக் கடையின் மேல் கல்லெறிந்தால் அவர் நம் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்ல என்பதை இங்கேயே எழுதி வைக்கிறோம்.

இப்போது குழாய்க்கு வருவோம். மதுரை மாநகரின் குடிநீருக்காக லோயர்கேம்ப்பில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி, நேராகக் குழாயில் தண்ணீர் கொண்டு போவதற்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நாளைக்கு 12 கோடியே 50 லட்சம் லிட்டர். இந்த எண்ணைக் கேட்டால் நமக்கு ஒன்றும் விளங்காது. அவர்களுக்கும் அதுதான் வசதி. நம்ம கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 51 கன அடி வருகிறது. கோடையில் பாசனத்தை நிறுத்திவிட்டுக் குடிநீருக்கென்று அணையில் திறப்பது எவ்வளவு? 100 கன அடி. அதில் பாதியை ஆற்றின் தலையிலேயே குழாயில் வாங்கிக்கொண்டால் மிச்சப் பாதி கூடலூரைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வரை ஓடுமா? சித்திரை வெயிலில் மணல் குடித்தது போக என்ன வரும்?

ஆற்றில்தானே இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் குடிநீர்க் கிணறு இருக்கிறது! ஆறு ஓடினால்தான் கரையோரக் கிணற்றில் ஊற்று. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் லட்சக்கணக்கான சனம் ஆற்றில் முங்கி எழுந்துதான் கோயிலுக்குப் போகிறது. குழாய்க்குள் முங்கி எழ முடியுமா?

மதுரைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இதைத் திரித்து எழுதுகிறார்கள், அதனால் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறோம். மதுரையில் இருப்பது யார்? பெண் கொடுத்து பெண் எடுத்த சொந்தக்காரர்கள். நம்ம பிள்ளைகள் அங்கேதான் படிக்கின்றன, நமக்கு உடம்பு முடியாமல் போனால் ஓடுவதும் அங்கேதான். 1959-ல் திறந்த வைகை அணையில் இருந்து மதுரைக்குக் குடிநீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் கேட்பது இது ஒன்றுதான். அந்த 51 கன அடியும் ஆற்றிலேயே வரட்டும். வழியில் இருக்கும் கிணறு ஊறட்டும், மாடு குடிக்கட்டும், வீரபாண்டிக்காரன் முங்கட்டும். வைகை அணைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் சேதாரம் ஆகும் என்று என்ஜினீயர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சேதாரம் என்று எழுதுவதைத்தான் நாம் ஊற்று என்கிறோம்.

இதையெல்லாம் மனுவாக எழுதி ஒரு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். வரைபடத்தை விரித்துப் பதினேழு வாய்க்காலையும் காட்டுங்கள் என்றோம். உத்தமுத்து வாய்க்காலைக் காட்டினார், பாளையம் பரவைக் காட்டினார், அதற்குப் பிறகு விரல் நின்றுவிட்டது. கூட வந்திருந்த எங்கள் பெரியவர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், வரைபடத்தைப் பார்க்காமலே பதினேழையும் வரிசையாகச் சொன்னார், எந்த மடையில் எந்தக் காலத்தில் தகராறு என்பது உட்பட. அதிகாரி குறித்துக்கொண்டார். அதோடு சரி.

கோபம் அதிகாரி மேல் மட்டும் இருந்தால் போதாது, நம் மேலும் கொஞ்சம் வர வேண்டும். 14,707 ஏக்கர் என்று ஆணையில் இருக்கிறது. இன்றைக்கு அத்தனையும் நெல் வயலாகவா இருக்கிறது? ரோட்டோரம் கல் ஊன்றி மனை ஆனது எவ்வளவு, வாழைக்கும் தென்னைக்கும் மாறியது எவ்வளவு என்பது அவரவர் மனசுக்குத் தெரியும். பயிரை மாற்றுவது தப்பில்லை, ஆனால் வாய்க்கால் கரையை மனைக்காரனுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் நாளைக்குக் கடைமடைக்காரன் முகத்தில் எப்படி முழிப்பார்கள்? ஆற்றங்கரையில் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, மைல் கணக்கில் குழாய் போட்டு எங்கோ இருக்கும் தோப்புக்குத் தண்ணீர் கொண்டு போகிறவர்களும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அரசாங்கக் குழாயைத் தப்பு என்று சொல்லும் வாயால் இந்தக் குழாயையும் தப்பு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சங்கத்துக்குச் சந்தா கொடுப்பவர் என்றாலும் சரி.

அடிவாரத்துக்காரர்களுக்கு எங்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு. அது நியாயமான வருத்தம். "நஞ்சைக்காரனுக்குத்தான் சங்கம், எங்களுக்கு என்ன?" கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் பக்கம் போய்ப் பாருங்கள். இளையராஜா பிறந்த ஊர், கோம்பை நாய்க்குப் பேர்போன ஊர் என்று பெருமை பேசுவோம். அங்கே போர் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் வருகிறது என்பதைப் பேச மாட்டோம். பழைய பதினேழு வாய்க்காலுக்கு அடுத்தது என்பதால் 18-ம் கால்வாய் என்று பேர் வைத்த கால்வாய் அந்த அடிவாரத்துக் கண்மாய்களுக்காக வந்தது. சின்னமனூர் பக்கத்து மேட்டு நிலத்துக்குப் பி.டி.ராஜன் கால்வாய் வந்தது. இவை வந்தபோது நஞ்சைக்காரர்களில் சிலர் முணுமுணுத்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தங்கள் பங்கு போய்விடும் என்ற பயம்தான். ஆனால் 18-ம் கால்வாயில் தண்ணீர் போய்க் கண்மாய் பெருகிய வருடத்தில் அந்த ஊர்களின் கிணறுகள் எத்தனை மாதம் தாங்கின என்பதை எல்லாரும் பார்த்தோம். அணையில் 136-க்கு மேல் தேங்கும் ஒவ்வொரு அடியும் அடிவாரத்துக்கான அடி என்று நினையுங்கள். ஆக, மட்டத்தை உயர்த்து என்ற கோரிக்கையில் கோம்பைக்காரனுக்கும் கம்பத்துக்காரனுக்கும் ஒரே நலன்தான்.

மலையோரம் வேறு பிரச்சனைகளும் இருக்கின்றன. கம்பம் நந்தகோபாலசாமி தொழுவத்துத் தம்பிரான் மாட்டைக் கும்பிடுகிறோம், ஆனால் மலைமாடு மேய்ப்பவனுக்கு மேய்ச்சல் எங்கே? 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மாடு போகத் தடை சொன்னது, பிறகு சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அந்தத் தடையைச் சுருக்கியது. மேகமலை 2021-ல் இருந்து புலிகள் காப்பகம்தானே! ஆக, நம்ம பக்கத்து மாட்டுக்கு விடிவு இல்லை. காட்டுப் பன்றி கீழே இறங்கி வந்து நிலக்கடலையைத் தோண்டித் தின்கிறது, மாடு மேலே ஏறக் கூடாது. தேவாரத்தில் இருந்து சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டுத் தலைமுறை கடந்துவிட்டது. அந்தச் சாலை இருந்தால் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் போடிமெட்டையும் கம்பம்மெட்டையும் சுற்றி, ஜீப்பில் அடைபட்டுப் போக வேண்டியதில்லை. லோயர்கேம்ப் பளியங்குடியில் இருந்து கண்ணகி கோயிலுக்குப் போகும் பாதைக்கும் இதே கதி. சித்ரா பௌர்ணமி வந்தால் மட்டும் ஞாபகம் வரும்.

சுருளிப்பட்டி, கே.கே.பட்டி, ராயப்பன்பட்டி திராட்சை விவசாயிகளுக்கு 2023-ல் ஒரு நல்ல செய்தி வந்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு. வாழ்த்துகிறோம். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டலாம். ஆனால் பழம் பழுக்கும் நேரத்தில் மழை பிடித்து வெடித்துப் போனால் பந்தலுக்குக் கீழே நின்று அழுவதற்குச் சான்றிதழ் துணைக்கு வராது. குளிர்பதனக் கிடங்கு கேட்கிறோம், விலை கேட்கிறோம்.

நாங்கள் இப்போது உங்களிடம் கேட்பது காசு அல்ல. மாவட்ட அளவில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு இந்த முறை ஒரு வாய்க்காலுக்குப் பத்துப் பேராவது வர வேண்டும். பதினேழு வாய்க்கால், 18-ம் கால்வாய், பி.டி.ராஜன் கால்வாய் எல்லாம் சேர்த்து. வருகிறவர்கள் கையில் சிட்டா நகல் இருக்கட்டும். ஒரு தாளில் உங்கள் வாய்க்கால் பேர், மடை, எத்தனை ஏக்கர், சென்ற வருடம் எந்தத் தேதியில் முதல் தண்ணீர் வந்தது, எந்தத் தேதியில் நின்றது, கிணற்றில் கோடையில் எத்தனை அடி இறங்கியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து எழுதுங்கள். பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், பதினேழு பேரையும் வரிசையாகச் சொல்ல அவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஜீப் வாடகையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கெல்லாம் அவரவர் ஊர்ச் சாவடி முன்னால் நில்லுங்கள்.